தங்கச்சிக்குக் கிடைத்த காடு

என் தங்கச்சி மேல் எனக்குப் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா தங்கச்சி என்றால் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், அங்கே பொறாமைக்கு ஏது இடம் என்று கேட்பவர்கள் உண்டு. நாங்களும் ஒரே தட்டில்தான் சாப்பிட்டோம். அந்தத் தட்டிலேயே எந்தப் பக்கம் குழம்பு அதிகம் என்று பார்த்தவள் நான்.

கள்ளக்குறிச்சியில் எங்களுக்கு ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா எல்லாம் எடுப்போம். என் வீட்டுக்காரர் போட்டோ எடுப்பார். வீடியோவைக் கம்ப்யூட்டரில் வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டுக் கொடுப்பது நான். மேலே பறந்து படம் எடுக்கும் ட்ரோனை எங்கள் தொழிலில் ஹெலிகேம் என்போம். அதை எங்கள் வீட்டில் முதலில் கையில் எடுத்தவளும் நான்தான். பழசாக ஒன்று வாங்கி, வடக்கனந்தலில் அம்மா வீட்டுக்குப் பின்னால் கரும்பு வெட்டி முடித்த நிலத்தில் விட்டுப் பழகினேன். தென்னை மட்டையில் மாட்டினேன், மண்டபத்துச் சீரியல் லைட்டில் சிக்கினேன், மணலூர்பேட்டையில் ஒரு ரிசப்ஷனில் பந்திப் பந்தல் மேலேயே இறக்கினேன். எல்லா அடியும் பட்டுத் தேறிய பிறகு தங்கச்சிக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவள் கையில் ஓர் இறக்கைகூட உடைந்ததில்லை. அதற்கு அவள் கெட்டிக்காரி என்று பெயர்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போனார்கள், நான் ஒரு ஸ்டூடியோவில் ஆல்பம் ஒட்டப் போனேன். அந்தச் சம்பளத்தில்தான் தங்கச்சி காலேஜ் வரைக்கும் போனாள் என்று சொல்லிக்காட்டுவது நல்ல பழக்கம் இல்லை. நான் அடிக்கடி சொல்லிக்காட்டுவேன். கொஞ்சம் பெரிய ட்ரோனைத் தொழிலுக்குப் பறக்க விட வேண்டுமென்றால் பைலட் சான்றிதழ் வேண்டும் என்றும், அதற்குப் பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டும் என்றும் தெரிந்தபோது, வீட்டில் அந்தத் தகுதியோடு சும்மா இருந்தவள் அவள்தான். சென்னைக்கு அனுப்பிப் பயிற்சி எடுக்க வைத்தோம். அதன் பிறகும் விசேஷங்களில் பறக்க விடுவது நான்தான். தூரத்தில் காக்கிச் சட்டை தெரிந்தால் மட்டும் ரிமோட் அவள் கைக்குப் போகும். காகிதம் அவளுடையது, கை என்னுடையது. அது எனக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை, ரேஞ்சர் ஸ்டூடியோவுக்கு வரும் வரை.

வனத்துறை ரேஞ்சர் ஒரு மாசி மாதத்தில் வந்தார். ரிஷிவந்தியம் பக்கத்தில் நாங்கள் எடுத்த தேர்த் திருவிழா வீடியோவை யாரோ அவர் போனுக்கு அனுப்பியிருந்தார்கள். தேரின் கலசத்துக்குப் பின்னாலிருந்து படம் மெல்ல எழும்பி, ஊரும் வயலும் ஏரியும் விரியும் ஒரு காட்சி அதில் வரும். போனை நீட்டி, "இது யாரும்மா எடுத்தது?" என்று கேட்டார்.

"நான்தாங்க சார்" என்றேன். அப்படிக் கேட்கும் ஆள் வருவார் என்று பல வருஷமாகக் காத்திருந்த குரலில் சொன்னேன்.

அவர் விஷயத்தைச் சொன்னார். கல்வராயன் மலையில் மாசி பிறந்தால் காடு காய்ந்துவிடும். சித்திரை முடியும் வரைக்கும் எங்கே எப்போது தீப்பிடிக்கும் என்று தெரியாது. காவலுக்கு இருக்கும் வாட்சர்கள் கொஞ்சம் பேர். ஒரு முகட்டுக்குப் பின்னால் கிளம்பும் புகை அடுத்த முகட்டில் நிற்பவருக்குத் தெரியாது, தெரிந்து ஏறிப் போவதற்குள் ஒரு சரிவே போய்விடும். அதனால் இந்தக் கோடை முழுக்கக் காலையில் மலைக்கு மேல் ட்ரோன் விட்டுப் பார்க்க உள்ளூர் ஆள் வேண்டும். நன்றாகச் செய்தால் அடுத்த வருஷமும் வேலை அந்த ஆளுக்கே.

என் மனசு உள்ளுக்குள் குதி போட்டது. வடக்கனந்தலில் வாசலுக்கு வந்தால் மேற்கே அந்த மலைதான். பிறந்ததிலிருந்து கீழேயிருந்தே பார்த்த மலை. ஹெலிகேம் கைக்கு வந்த முதல் நாளே அதன் மேல் ஒரு முறை விட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைத்தவள் நான். இப்போது அரசாங்கமே வந்து கூப்பிடுகிறது.

"சர்டிபிகேட் இருக்கும்ல?" என்றார் ரேஞ்சர்.

என் முகத்தில் ஈயாடவில்லை. என் வீட்டுக்காரர், ஏதோ புண்ணியம் செய்வது போல, "அது சின்னவங்ககிட்ட இருக்குது சார்" என்று தங்கச்சியைக் கைகாட்டினார். அவள் ஆல்பம் துடைத்துக்கொண்டிருந்தவள், துணியோடு எழுந்து நின்றாள். அவ்வளவுதான், காடு அவளுக்குப் போய்விட்டது.

அதோடு விட்டாளா? "சார், அக்காவும் கூட வரட்டுமா சார்? எனக்கு ஒத்தாசையா இருக்கும்" என்றாள். என் காட்டுக்கு நான் போக அவள் சிபாரிசு செய்தாள்.

மலையடிவாரச் செக்போஸ்ட்டில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வனத்துறை ஜீப்பில் ஏறுவோம். வளைவு வளைவாக ஏறி, வெள்ளிமலைக்கு முன்னால் ஒரு மொட்டைப் பாறையில் இறங்குவோம். தங்கச்சிக்கு வாட்சர் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போடுவார். நான் பேட்டரிப் பெட்டியைத் தூக்கி வருவேன். வெயில் ஏறினால் ரிமோட்டில் மாட்டியிருக்கும் போனில் படம் தெரியாது, வெறும் கண்ணாடி போலப் பளபளக்கும். அதனால் அவள் தலைக்கு மேல் குடை பிடிக்க வேண்டும். மாப்பிள்ளை அழைப்பில் மாப்பிள்ளைக்குப் பிடிப்பார்களே, அப்படி. வாட்சர்கள் அவளை "மேடம்" என்றார்கள். என்னை "மேடத்தோட அக்கா" என்றார்கள். டீ வந்தால் முதல் டம்ளர் அவளுக்கு. அவள் அதை என்னிடம் நீட்டுவாள். அப்படி நீட்டுவதைப் பார்த்தால் எனக்கு இன்னும் வயிறு எரியும்.

மலைக்கு மேலே ட்ரோன் போனால் நடப்பதே வேறு. கல்யாணத்தில் ஹெலிகேம் வந்தால் கூட்டம் முழுக்க அண்ணாந்து பார்க்கும், பெண்கள் தலையைத் தடவிச் சரி செய்வார்கள், பெரிய மீசைக்காரர்கூடப் பல்லைக் காட்டிக் கையாட்டுவார். இங்கே சத்தம் கேட்டதும் ஓடினார்கள். கடுக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு மரத்தடியில் ஒடுங்கினார்கள். சாராய ஊறல் தேடப் போலீஸ் விட்ட மெஷின் என்று நினைத்தார்களாம். பிறகு ஒரு நாள் தங்கச்சி ஊருக்குள் போய், ட்ரோனைக் கையில் கொடுத்துக் காட்டி, தீ பார்க்கத்தான் விடுகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த நாளிலிருந்து ஓடவில்லை. "மிஷினுப் பொண்ணு வந்துக்கினு இருக்குது" என்று பலாச்சுளை எடுத்துவைத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள். கூட வந்தவளுக்குக் கொடுக்காமல் இருக்க முடியுமா?

அவள் மோசமாகப் பறக்க விட்டிருந்தால் நான் பாதிப் பொறாமையோடு பிழைத்திருப்பேன். நன்றாகவே விட்டாள். ஒரே உயரம், ஒரே வேகம், ஒரு கோடு போய், திரும்பி, பக்கத்தில் இன்னொரு கோடு, வீட்டைப் பெருக்குவது போல ஒரு மூலை விடாமல். எனக்குப் பார்க்கவே கொட்டாவி வரும். ரேஞ்சர் வராத ஒரு நாளில் ரிமோட்டை என்னிடம் கொடுத்து, "நீ ஒரு ரவுண்டு வுடுக்கா" என்றாள். நான் விட்டேன். பள்ளத்தாக்கில் சரேலென்று இறக்கினேன், காய்த்துத் தொங்கிய ஒரு பலாமரத்தை மணமேடையைச் சுற்றுவது போலச் சுற்றினேன், ஓடையோடு போய் முகட்டுக்கு மேல் எழுப்பினேன். வாட்சர்கள் கைதட்டினார்கள். அதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது. அன்று பார்க்க வேண்டிய இரண்டு சரிவுகளைப் பார்க்கவே இல்லை. தங்கச்சி அடுத்த பேட்டரியை மாட்டி அந்தச் சரிவுகளை முடித்தாள். காட்டுக்கு அவள் கைதான் சரி என்று எனக்கு அன்றே தெரிந்தது. தெரிவது வேறு, ஒத்துக்கொள்வது வேறு. மறுநாள் குடையைக் கொஞ்சம் சாய்த்தே பிடித்தேன்.

பங்குனியில் பேப்பரில் அவள் படம் வந்தது. தொப்பி வைத்துக்கொண்டு, ரிமோட்டோடு, பின்னால் மலை. என் முழங்கையும் குடைக் கம்பியும் ஓரத்தில் வந்திருந்தன. அம்மா அதை வெட்டி பீரோவில் ஒட்டினாள். ஒட்டும்போது ஓரம் கோணலாக இருக்கிறது என்று கத்தரித்ததில் முழங்கையும் போய்விட்டது. "இன்னாம்மா இது?" என்று கேட்டேன். "இன்னாடி, உன் மூஞ்சியா போயிடுச்சி? கைமுட்டிதான" என்றாள்.

எனக்கென்று மிச்சமிருந்தது ஒரு வேலைதான். ட்ரோனில் எடுப்பது பெரிய பெரிய பைல். ரேஞ்சு ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டால் சிக்கிச் சிக்கி நிற்கும். அதனால் மதியம் கீழே வந்ததும் மெமரி கார்டை ஸ்டூடியோவில் காப்பி செய்து, ஏறும் இறங்கும் நேரத்தை வெட்டி, சின்னதாக்கி, சாயங்காலத்துக்குள் ரேஞ்சர் போனுக்கு அனுப்ப வேண்டும். அவர் வாட்சர்களோடு உட்கார்ந்து பார்த்து, எந்தப் பக்கம் ஆள் அனுப்பலாம் என்று முடிவு செய்வார். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அதையாவது என் கை பட்டதாக ஆக்க வேண்டும் என்று வைராக்கியம். வெட்டிச் சின்னதாக்கினால் போதும் என்றார்கள். நான் அதோடு நிறுத்துவேனா? படத்தில் இருந்த ஆட்டத்தை நிறுத்தினேன். சருகு நிறத்தில் இருந்த காட்டுக்குக் கொஞ்சம் பச்சை ஏற்றினேன். மங்கலாக இருந்ததைத் துலக்கினேன். ரேஞ்சர் பார்த்துவிட்டு, "நம்ம மலை இவ்ளோ அழகாவா இருக்கு! படம் கண்ணாடி மாதிரி இருக்கும்மா" என்று பாராட்டினார். தங்கச்சியைத்தான் பாராட்டினார். அவள் "அக்காதான் சார் எடிட்டிங்" என்றாள். அவர் "ஓ" என்றார். அந்த "ஓ"வுக்காக நான் இன்னும் கொஞ்சம் மெனக்கெட்டேன்.

இங்கே கல்யாண வீடியோக்காரர்களின் ஒரு கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு முதல் எதிரி ஓமப் புகை. தாலி கட்டும் நேரம் பார்த்து ஐயர் நெய்யைத் தாராளமாக ஊற்றுவார். புகை கிளம்பி மாப்பிள்ளை முகத்தை மூடும். பெண்ணுக்குக் கண் கலங்கி மை கரையும். வீடியோ கொடுத்த பிறகு பெண்ணின் அம்மா வந்து, "தாலி கட்றப்ப எம் பொண்ணு மூஞ்சியே தெரியலியே, இன்னா எடுத்தீங்க?" என்று சண்டை பிடிப்பார். அதனால் கம்ப்யூட்டரில் மங்கலை நீக்கும் பட்டனை எவ்வளவு தூரம் இழுத்தால் புகை போகும், எவ்வளவுக்கு மேல் இழுத்தால் முகம் கறுக்கும் என்பது எனக்குக் கைப்பழக்கம். ஓமகுண்டம் இல்லாமலே கல்யாணம் நடந்ததோ என்று சந்தேகப்படும் அளவுக்குச் சுத்தமாகத் துடைத்துக் கொடுப்பேன். இந்த ஊரில் அதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

பங்குனிக் கடைசியில் ஒரு நாள் காலையில் மலை பனி மூடிக் கிடந்தது. தங்கச்சி வழக்கம் போலக் கோடு கோடாகப் பார்த்து முடித்தாள். ரிமோட்டுப் போனில் அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை, குடை பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்த எனக்கும் தெரியவில்லை. மதியம் ஸ்டூடியோவில் போட்டுப் பார்த்தபோது படம் முழுக்க மங்கல். மூங்கில் சரிவு ஒன்றின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக மங்கியிருந்தது. பனி அங்கே தேங்கி நிற்கிறது என்று நினைத்தேன். அன்று இரண்டு கல்யாண ஆல்பம் வேலை இருந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டுக் காட்டைத் துடைக்க உட்கார்ந்தேன். முழுப் படத்துக்கும் பொதுவாக ஒரு இழுப்பு, அந்தச் சரிவுக்குத் தனியாக ஒரு இழுப்பு. மூங்கில் தனித்தனியாகத் தெரிந்தது. அவ்வளவு நேர்த்தியாக நான் எந்தக் கல்யாணத்துக்கும் செய்ததில்லை. அனுப்பிவிட்டு, நாளைக்கு ரேஞ்சர் என் பெயரைக் கேட்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

கேட்கத்தான் செய்தார். மறுநாள் நாங்கள் செக்போஸ்ட்டுக்குப் போனபோது ஜீப் வரவில்லை. மேலே தீ என்றார்கள். மூங்கில் சரிவில் முதல் நாளே புகைய ஆரம்பித்து, இருட்டில் பிடித்து, விடியும்போது சரிவு முழுக்க எரிந்துகொண்டிருந்திருக்கிறது. வாட்சர்களும் ஊர்க்காரர்களும் பச்சைத் தழையால் அடித்து அடித்து உச்சிவேளைக்குத்தான் அணைத்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் ரேஞ்சு ஆபீஸில் காத்திருந்தோம். ரேஞ்சர் முகமெல்லாம் கரியோடு வந்து, உட்காரக்கூடச் செய்யாமல், "நேத்து அந்தப் பக்கம் பறந்தீங்களா, இல்லையா?" என்று தங்கச்சியைக் கேட்டார்.

"பறந்தேன் சார்."

"நீங்க அனுப்பினதுல ஒண்ணுமே இல்லையே. நானே ரெண்டு தடவை பாத்தேன்."

தங்கச்சி ட்ரோனில் இருந்த கார்டை எடுத்துப் போனில் போட்டு ஓட்டினாள். அசல் படம். அந்தச் சரிவு வந்ததும் ரேஞ்சர் நிறுத்தச் சொல்லி, விரலால் பெரிதாக்கினார். மூங்கில் ஓரத்தில் மெல்லிசாக ஒரு புகை. பிறகு தன் போனில் நான் அனுப்பியதை எடுத்து அதே இடத்தில் நிறுத்திப் பக்கத்தில் வைத்தார். துடைத்து விட்டது போல மூங்கில். ஊதுபத்திப் புகை அளவுக்குக்கூட ஒன்றும் இல்லை.

தங்கச்சி இரண்டு போனையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கார்டுல இருக்கு, எனக்கு வந்ததுல இல்ல" என்றார் ரேஞ்சர். "நேத்து சாயங்காலமே தெரிஞ்சிருந்தா நாலு பேர் போயி மிதிச்சே அணைச்சிருப்பாங்க. எப்படி இது போச்சு? யார் இதைத் தொட்டது?"

நான் வாயைத் திறந்தேன்.

"நான்தான் சார்" என்றாள் தங்கச்சி. "மங்கலா இருக்குதேன்னு க்ளியர் பண்ணேன். கல்யாண வேல செஞ்சி செஞ்சி அதே பழக்கம் வந்துடுச்சி சார். என் தப்புதான்."

அக்காதான் எடிட்டிங் என்று அவளே முன்பு சொன்னது ரேஞ்சருக்கு ஞாபகம் இருந்ததோ இல்லையோ, என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு அவளைத் திட்டினார். இது காடா, கல்யாண மண்டபமா என்று கேட்டார். பொறுப்பு வேண்டாமா என்றார். நாளையிலிருந்து வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றுகூடச் சொன்னார். அவள் தலையைக் குனியவில்லை, அழவும் இல்லை, ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க சார்" என்றாள். திட்டித் தீர்ந்த பிறகு அவரே தணிந்தார். இனிமேல் யாரும் படத்தில் கை வைக்கக் கூடாது, கார்டை அப்படியே ஆபீஸுக்குக் கொண்டுவர வேண்டும், அதைப் பார்க்க ஒரு நல்ல கம்ப்யூட்டருக்கு எழுதிப் போடுகிறேன் என்றார். வேலை அவளிடமே இருந்தது. எனக்கிருந்த வேலைதான் போனது.

ஸ்கூட்டியில் திரும்பினோம். அவள் ஓட்டினாள், நான் பின்னால் ட்ரோன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வடக்கனந்தல் தாண்டியதும் அவள் திரும்பாமலே கேட்டாள்.

"வேணும்னேதான பண்ண?"

"இன்னாடி சொல்ற?"

"கோவிச்சிக்காதக்கா. சும்மா கேட்டேன்."

"எனக்குப் புகைன்னே தெரியாதுடி. பனின்னு நினைச்சேன். உனக்கு நல்ல பேரு வரட்டும்னுதான் தனியா உக்காந்து துடைச்சேன்."

சொல்லும்போதே எனக்கே அது பொய் மாதிரி கேட்டது. எனக்கு நல்ல பெயர் வர வேண்டும் என்றுதான் துடைத்தேன். ஆனால் அவளைக் கெடுக்கச் செய்யவில்லை. அந்தக் கோடை முழுக்க நான் நினைத்ததெல்லாம் அவளுக்குத் தெரியாது. காற்று அடித்து ட்ரோன் பள்ளத்தில் விழாதா, ஒரு பருந்து வந்து கொத்தாதா, ரேஞ்சருக்கு அவள் மேல் ஒரு சின்ன அதிருப்தி வராதா என்று குடையைப் பிடித்துக்கொண்டே எத்தனையோ நினைத்தேன். அதில் ஒன்றுக்கும் அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. நான் மனசார உழைத்த அந்த ஒரு மதியத்தைத்தான் சந்தேகப்பட்டாள்.

"சரி வுடுக்கா" என்றாள். "நான் ஒண்ணும் மனசுல வெச்சிக்கல. அம்மாகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நீ மன்னிக்கிறதுக்கு நான் ஒண்ணும் பண்ணலடி!" என்று கத்தினேன். எதிரே கரும்பு லாரி வந்துகொண்டிருந்தது. அவள் ஓரம் கட்டி நிறுத்தி, லாரி போகும் வரை காத்திருந்தாள். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நான் பேசாம இருந்திருந்தா, நான்தான் பண்ணேன்னு நீயே சொல்லியிருப்பியாக்கா?"

சொல்லியிருப்பேன் என்றேன். சட்டென்று சொன்னேன், யோசிக்காமல். அவள் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தாள்.

அவள் இப்போதும் காலையில் மலைக்குப் போகிறாள். குடை பிடிக்க ஒரு ஸ்டாண்டு வாங்கிக்கொண்டாள். நான் ஸ்டூடியோவில் ஓமப் புகையைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். ரேஞ்சு ஆபீஸில் அன்று என் வாய் திறந்துதான் இருந்தது. அதிலிருந்து என்ன வந்திருக்கும் என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன், எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இருந்த ஒரே சந்தர்ப்பத்தையும் அவள் முந்திக்கொண்டு எடுத்துக்கொண்டாள்.